பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்ட ஒட்டி மாடி ஏத்துறார், இடிக்க வைக்க முடியுமா?

நீங்க கேட்டிருக்கறது "சைடு செட்பேக் (பக்க எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவுல விடற இடைவெளி) எத்தனை அடி விடணும்"னு. ஆனா எழுதியிருக்கறத முழுசா படிச்சா உங்களுக்கு வேண்டியது அந்த நம்பர் இல்லன்னு தெரியுது. திருச்சிக்கு வெளிய டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு லேஅவுட்டுல 30க்கு 40 அடி மனை, 2008ல கட்டின வீடு, கிழக்குப் பக்கத்துக்காரர் இப்ப முதல் மாடி ஏத்துறார், ஏத்தும்போது கீழ சந்து மாதிரி காலியா விட்டிருந்த பக்கத்தையும் சேத்து நீட்டிட்டார், ரூம் சுவர் உங்க காம்பவுண்ட ஒட்டி வருது, சன்ஷேடு சென்ட்ரிங் (கான்கிரீட் போட அடிக்கற பலகை, முட்டு) சுவரத் தாண்டி உங்க பக்கம் வந்து நிக்குது, சமையக்கட்டு இருட்டாயிடும், மழைத்தண்ணி நம்ம பக்கம் கொட்டும்னு பயம், போய்க் கேட்டா "உங்க வீட்டுல மட்டும் விட்டிருக்கீங்களா"ன்னு திருப்பிக் கேக்குறார். ரூஃப் கான்கிரீட் இன்னும் போடல. ஆக உங்க கேள்வி இதுதான்: இத இப்ப நிறுத்த முடியுமா, யாருகிட்ட போகணும், போனா அது நமக்கே திரும்புமா. அதுக்கு பதில் சொல்றேன்.

நான் வக்கீல் இல்ல. வீட்டு பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிக் குடுக்கற சிவில் இன்ஜினியர், இந்த மாதிரி தகராறுகள்ல கோர்ட் அனுப்பற அட்வகேட் கமிஷனர் கூட டேப் பிடிக்கப் போன அனுபவம் நிறைய உண்டு. அதனால அளவு, விதி, ஆபீஸ் நடைமுறை இதெல்லாம் தெம்பா சொல்லுவேன், கோர்ட் என்ன முடிவெடுக்கும்ங்கறத அப்படி சொல்ல முடியாது, உங்க பத்திரத்தயும் நான் பாக்கல.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். உங்களுக்கு இருக்கறது ஒரு பிரச்சனை இல்ல, மூணு. மூணும் வேற வேற ஆள்கிட்ட போக வேண்டியது, எல்லாரும் மூணையும் ஒரே மனுவுல போட்டுக் குழப்பி அனுப்பறதாலதான் எங்கயும் வேலை நடக்கறதில்ல. செட்பேக் மீறல்ங்கறது அவருக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல உள்ள விஷயம். சன்ஷேடு உங்க எல்லைக்குள்ள வர்றது, அவர் வீட்டு மழைத்தண்ணி உங்க இடத்துல விழறது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல உள்ள சொத்து விஷயம். வெளிச்சம் போறது மூணாவது, அதுலதான் உங்க கை ரொம்ப பலவீனமா இருக்கு. ஆனா உங்க கோவம் முழுக்க அந்த மூணாவதுலதான் இருக்கு, நீங்க எழுதின விதத்துலயே தெரியுது.

வெளிச்சத்த முதல்ல முடிச்சுடறேன். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம்தான் இதுக்கு இன்னிக்கும் அடிப்படை. அதோட 15ஆவது பிரிவுப்படி ஒரு கட்டடத்துக்கு ஒரு ஜன்னல் வழியா வெளிச்சமும் காத்தும் 20 வருஷம் தொடர்ந்து, தடையில்லாம, யாரோட தயவுலயும் இல்லாம வந்துட்டிருந்தாத்தான் அது உரிமையா மாறும். உங்க வீடு 2008ல கட்டினது, 20 வருஷம் முடிய 2028 ஆகணும். அதனால அந்த வழி உங்களுக்கு இப்ப இல்ல. 20 வருஷம் ஆனவங்களுக்கும் சும்மா கிடைக்காது, 33ஆவது பிரிவு "கணிசமான பாதிப்பு" வேணும்ங்குது, முன்னாடி விட கொஞ்சம் மங்கலா இருக்குன்னு சொன்னா பத்தாது, அந்த ரூம்ல வழக்கமா இருக்கற வசதிக்கே இடைஞ்சல்னு காட்டணும். இன்னொன்னு, இத படிக்கிற பழைய வீட்டுக்காரங்களுக்காக சொல்றேன், யாராவது உங்க ஜன்னல மறைச்சுக் கட்டினது தெரிஞ்சும் ஒரு வருஷம் பேசாம இருந்தீங்கன்னா அந்த 20 வருஷக் கணக்கே அறுந்ததா சட்டம் எடுத்துக்கும். "சின்னப் பையன், போகட்டும்"னு விட்ட எத்தனையோ பெரியவங்க இதுல மாட்டியிருக்காங்க.

ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறாங்க, பிரைவசி போச்சுங்கறதும் இதே ரகம். அந்த ஊர்ல அப்படி ஒரு வழக்கம் நிலைச்சிருந்தா மட்டும் அந்தரங்கத்துக்கு உரிமை உண்டுன்னு அதே சட்டத்தோட 18ஆவது பிரிவுல ஒரு உதாரணம் இருக்கு, ஆனா நேத்து போட்ட லேஅவுட்டுல ஊர் வழக்கம்னு எத நிரூபிக்கறது. "மூணடி விட்டாதான் ஜன்னல் வைக்கலாம்"னு கொத்தனார் சொல்ற கணக்கையும் சட்டமா நினைச்சு சண்டைக்குப் போகாதீங்க.

இப்ப செட்பேக். தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரில இருந்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்னு ஒரே விதித்தொகுப்பு, அதுக்கு முன்னாடி சென்னையப் பாக்கற சிஎம்டிஏவுக்கு ஒண்ணு, மாநகராட்சி நகராட்சிக்கு ஒண்ணு, ஊராட்சிக்கு 1997 விதின்னு ஆளுக்கொண்ணா இருந்தது. புதுசுல முன்பக்க இடைவெளி உங்க வீட்டு முன்னாடி இருக்கற ரோட்டோட அகலத்தப் பொறுத்தது, பக்கவாட்டு இடைவெளி மனையோட அகலம், கட்டடத்தோட உயரம் ரெண்டையும் பொறுத்தது. அதனாலதான் உங்களுக்கு ஒரே நம்பரா சொல்லாம இருக்கேன், இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படறதும் ஒரு காரணம், நெட்டுல சுத்தற பழைய டேபிள் படம் எதையும் நம்பாதீங்க, அவருக்கு அனுமதி குடுத்த தேதியில என்ன விதி இருந்ததோ அதுதான் கணக்கு. உயரம் கூடக் கூட பக்க இடைவெளியும் கூடும்ங்கறத மட்டும் மனசுல வையுங்க. இதுலதான் மாடி ஏத்தறவங்க ஏமாறுவாங்க, கீழ வீடு கட்டினப்ப விட்ட இடைவெளி அப்ப சரியா இருந்திருக்கும், மேல மேல ஏத்தும்போது மொத்தக் கட்டடத்துக்கும் அது பத்தாம போயிடும், "நான் கீழ இருக்கற சுவருக்கு நேராத்தானே ஏத்துறேன்"ங்கறது பதில் ஆகாது. உங்க ஆள் நேராக்கூட ஏத்தல, நீட்டியிருக்கார்.

சுவர ஒட்டிக் கட்டறது எல்லா இடத்துலயும் தப்பும் இல்ல. சென்னை ஜார்ஜ் டவுன் மாதிரி தொடர் கட்டடப் பகுதின்னு அறிவிச்ச இடங்கள்ல பக்க இடைவெளியே இல்லாம கட்டலாம், பழைய அக்ரஹாரத் தெருக்களும் பஜார் தெருக்களும் எப்பவும் அப்படித்தானே இருந்திருக்கு. ஆனா அப்ரூவ்டு லேஅவுட்டுல தனித்தனி மனையா போட்ட இடத்துல அது பெரும்பாலும் எடுபடாது. அதே மாதிரி இடைவெளிக்குள்ள எதுவுமே வரக்கூடாதுன்னும் இல்ல, சன்ஷேடு, கிணறு, செப்டிக் டேங்க், கேட்டு மாதிரி சிலத குறிப்பிட்ட அளவுக்குள்ள விதியே அனுமதிக்குது. நிறைய புகார் இந்த அனுமதிச்ச விஷயத்து மேலயே இருக்கும், ஆபீஸ்ல முதல் பார்வையிலயே ஓரமா வெச்சுடுவாங்க. உங்க விஷயம் அந்த ரகம் இல்ல, சுவர் எழுப்பின ரூம் இடைவெளிய மொத்தமா விழுங்கியிருக்கு.

என்ஓசி பத்தியும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டாம்ப் பேப்பர்ல ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தா செட்பேக் விடத் தேவையில்லன்னு ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. தப்பு. விதிய தளர்த்தற அதிகாரம் உங்களுக்குக் கிடையாது, நீங்க கையெழுத்துப் போட்டாலும் அவர் கட்டடம் விதிமீறல்தான். ஆனா அந்தக் கையெழுத்து உங்களுக்கு எதிரா வேலை செய்யும். நாளைக்கு நீங்க கோர்ட்டுக்குப் போனா "சம்மதிச்சவர்தானே"ன்னு அதைத்தான் முதல்ல நீட்டுவாங்க, தெரிஞ்சே இணங்கிப் போனவருக்குத் தடையுத்தரவு மறுக்கலாம்னு 1963ஆம் வருஷத்து குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 41ஆவது பிரிவுல இருக்கு. அதனால சமாதானம் பேசும்போது பொறுத்துப் போங்க, ஆனா எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க.

அடுத்து, அவருகிட்ட அனுமதி இருக்கா. ஏற்கனவே இருக்கற வீட்டுல ரூம் சேக்கறதுக்கும் மாடி ஏத்தறதுக்கும் தனியா அனுமதி வாங்கணும், பழைய பிளான காட்டி புதுசு கட்ட முடியாது. ஒருவேளை வாங்கியிருந்தாலும் அது பேப்பர்லதான் ஒழுங்கா இருக்கும். 2024 ஜூலைல இருந்து சுயசான்று முறை வந்திருக்கு, 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள வீடு, தரைத்தளம் இல்லன்னா அதோட ஒரு மாடி, இதுக்கு ஆன்லைன்ல உடனே அனுமதி கிடைச்சுடுது, முன்கூட்டி யாரும் வந்து அளக்கறதில்ல. நல்ல திட்டம்தான், ஒரு சின்ன வீட்டு பிளானுக்கு ஜனங்க எத்தனை தடவ படியேறினாங்கன்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்குத் தெரியும். ஆனா அதுல மனைக்காரர் தானே உறுதிமொழி குடுக்கறார், பிளான்ல பக்க இடைவெளி அழகா இருக்கும், சைட்டுல இருக்காது. வீடு முடிஞ்ச பிறகாவது யாராவது வந்து பாப்பாங்களான்னா, உயரமும் வீடுகள் எண்ணிக்கையும் ஒரு வரம்புக்குள்ள இருக்கற, 750 சதுர மீட்டர் வரைக்குமான குடியிருப்புக்கு, பிளான்படி கட்டி முடிச்சாச்சுன்னு தர்ற முடிவுச் சான்றிதழ்ல இருந்தே விலக்கு இருக்கு. ஆக நம்ம தெருவுல கட்டற சாதாரண வீட்ட ஆரம்பத்துலயும் யாரும் பாக்கல, முடிவுலயும் யாரும் பாக்கல. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் குடுக்கற புகார்தான் கிட்டத்தட்ட ஒரே சோதனை. அதிகாரிகள் தூங்கறாங்கன்னு திட்டறதுக்கு முன்னாடி இந்த அமைப்பயும் நினைச்சுக்கணும்.

புகார் குடுக்கற உரிமை உங்களுக்கு இருக்கு, "உனக்கென்ன வந்துச்சு"ன்னு யாரும் கேக்க முடியாது. 1974ல ராமதாஸ் ஷெனாய் வழக்குல, உடுப்பில குடியிருப்புப் பகுதியில சினிமா தியேட்டர் கட்ட விட்ட விவகாரம் அது, நகரமைப்பு விதி அங்க குடியிருக்கறவங்க நலனுக்காகத்தான் இருக்கு, அத மீறி அனுமதி குடுத்தா அங்க வசிக்கறவர் கேள்வி கேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. உங்க பகுதி மாநகராட்சியோ நகராட்சியோன்னா கமிஷனருக்கு, அங்க நகரமைப்புப் பிரிவுதான் இத பாக்கும், ஊராட்சின்னா ஊராட்சி அலுவலகத்துக்கும் பிடிஓவுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்), ரெண்டுலயும் டிடிசிபி மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நகல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள்ல குடுத்தாலும் சுத்தி அதே மேசைக்குத்தான் வரும், ஆனா ரசீது நம்பர் கிடைக்கும், அது உபயோகம்.

மனுவுல என்ன எழுதறீங்கங்கறதுலதான் பாதி இருக்கு. நிறைய பேரு நாலு பக்கத்துக்கு அவங்க குடும்பக் கதை, பத்து வருஷத்துக்கு முன்னாடி தண்ணிக் குழாய்ல நடந்த சண்டை எல்லாம் எழுதுவாங்க. அது தனிப்பட்ட விரோதம்னு மூலையில போடத்தான் உதவும். ஒரு பக்கம் போதும். சர்வே எண், மனை எண், இப்ப கட்டுமானம் எந்த நிலையில இருக்கு, பக்க இடைவெளி விடாம காம்பவுண்டு சுவர ஒட்டி ரூம் வருது, ரூஃப் கான்கிரீட் இன்னும் போடல, 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுப்படி தளத்த ஆய்வு செஞ்சு கட்டுமானத்த நிறுத்தணும்னு கேக்கறேன், அவ்வளவுதான். 56 அனுமதியில்லாம கட்டினத அகற்றச் சொல்ற அதிகாரம், 57 நடந்துட்டிருக்கற வேலைய நிறுத்தற அதிகாரம். தேதி தெரியற மாதிரி போட்டோ நாலு. நேர்ல குடுத்தா நகல்ல சீல் வாங்குங்க, இல்லன்னா ஒப்புகையோட ஸ்பீடு போஸ்ட். இந்த சீல் இல்லாம பின்னால ஹைகோர்ட்டுக்குப் போனா, மனு குடுத்ததுக்கே ஆதாரம் இல்லாம நிக்கணும்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்துல, 10 ரூபா கட்டணம், அவருக்குக் குடுத்த அனுமதி உத்தரவும் பிளான் நகலும் கேளுங்க. 30 நாளுக்குள்ள பதில் வரணும். மூணாம் நபர் தகவல்னு சொல்லி அவருக்கு நோட்டீஸ் போகலாம், அதாவது நீங்க கேட்டது அவருக்குத் தெரிஞ்சுடும், அதுக்குத் தயாரா இருங்க. "அப்படி அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை"ன்னு ஒரு வரி பதில் வந்தா அதுவே உங்களுக்குப் பெரிய ஆயுதம்.

இப்ப அவர் கேட்ட கேள்விக்கு வருவோம், "உங்க வீட்டுல விட்டிருக்கீங்களா". நீங்க எழுதினதுல அதுக்கு பதிலே இல்ல, அதனால சந்தேகமா இருக்கு. மனுவ குடுக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்ட அளங்க. பிளான் நகல எடுத்து வெச்சுக்கிட்டு நாலு பக்கமும் டேப் பிடிங்க, மாடிப்படி எங்க இருக்கு, பின்பக்கம் ஷெட்டு போட்டிருக்கீங்களா, போர்டிகோவ மூடி ரூம் ஆக்கியிருக்கீங்களா. அளக்க வர்றவர் ரெண்டு பக்கமும்தான் பாப்பார், உங்க ஆள் சும்மாவா இருப்பார், அடுத்த நாளே எதிர்மனு போடுவார். ரெண்டு வீட்டுக்கும் ஒரே நாள்ல நோட்டீஸ் வந்து அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ராசியான கதையெல்லாம் எனக்குத் தெரியும். உங்க மீறல் அவர் மீறல நியாயமாக்காது, சட்டப்படி அது உறுதி. ஆனா தடையுத்தரவு கேக்கறவங்க கை சுத்தமா இருக்கான்னு கோர்ட் பாக்கும், அதுவும் நிஜம்.

முறைப்படுத்திக்கலாம்னு அவர் நம்பிட்டிருந்தா அது பலிக்காது. 1998ல அதே நகர் ஊரமைப்புச் சட்டத்துல 113-ஏ பிரிவு கொண்டுவந்து விதிமீறின கட்டடங்கள காசு கட்டி முறைப்படுத்தினாங்க, 2000ல கன்ஸ்யூமர் ஆக்ஷன் குரூப் வழக்குல சுப்ரீம் கோர்ட் அத ஒரே ஒரு தடவைக்கான ஏற்பாடுன்னு பாத்துத்தான் விட்டுச்சு, அரசாங்கம் இஷ்டத்துக்குக் குடுத்த விதிவிலக்கு உத்தரவுகள ரத்து பண்ணுச்சு. அப்புறம் வந்த 113-சி பிரிவு 2007 ஜூலை 1 வரைக்கும் கட்டினதுக்கு மட்டும். இப்ப கட்டறதுக்கு அதுல இடமே இல்ல, இன்னிக்கு இருக்கற விதிக்குள்ள அடங்கினா உண்டு, அடங்கலன்னா மாத்தித்தான் கட்டணும். 2024 டிசம்பர்ல உத்தரப்பிரதேச வீட்டுவசதி வாரியம் சம்பந்தப்பட்ட வழக்குலயும் சுப்ரீம் கோர்ட் கடுமையா சொல்லியிருக்கு, நாளாயிடுச்சு, பணம் போட்டாச்சு, அதிகாரி கண்டுக்கலங்கறதெல்லாம் மீறல நியாயப்படுத்தற காரணம் இல்லன்னு. இத அவருக்கு யாராவது வேண்டியவங்க மூலமா, மிரட்டற தொனி இல்லாம சொல்ல வெச்சீங்கன்னா நல்லது.

அதுக்காக நாளைக்கே ஜேசிபி வந்து நிக்கும்னு கனவு காணாதீங்க. நடைமுறையில என்ன நடக்கும்னா நோட்டீஸ் வரும், அவர் பதில் குடுப்பார், திருத்தின பிளான் போடறேன்பார், கட்டடத்துக்கு சீல் வெச்சா அதே சட்டத்தோட 80-ஏ பிரிவுல அரசுக்கு மேல்முறையீடு போவார், அங்க தடை கேப்பார், வருஷம் ஓடும். இடிக்கறதா இருந்தாலும் 15 நாள் முன்னறிவிப்பு குடுக்காம இடிக்கக் கூடாதுன்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் பொதுவா உத்தரவு போட்டிருக்கு. நான் பாத்த வரைக்கும் முழுசா கட்டி முடிச்சு ஆள் குடியேறின வீட்டுல ஒரு ரூம இடிச்சது அபூர்வம், பாதியில நின்னது நிறைய. அதனாலதான் ரூஃப் போடலங்கற ஒரு விஷயம் உங்க கேள்வியில இருக்கற மத்த எல்லாத்தவிட முக்கியம். சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டியாச்சுன்னா உங்களுக்கு இருக்கறது நாள் கணக்குதான்.

இனி சன்ஷேடு, தண்ணி. இங்க நீங்க பலமா இருக்கீங்க. எல்லைக்கு மேல இருக்கற காத்துவெளியும் உங்க சொத்துதான், செட்பேக் விதி என்ன சொன்னாலும் சரி, மாநகராட்சியே அனுமதி குடுத்திருந்தாலும் சரி, அவர் ஸ்லாப் உங்க எல்லைக்கு மேல ஒரு அங்குலம் கூட வரக்கூடாது. அவர் மொட்டைமாடித் தண்ணிய உங்க இடத்துல கொட்டற உரிமையும் புதுசா கட்டினவருக்குக் கிடையாது. இதுக்கு ஆபீஸ் இல்ல, முன்சீப் கோர்ட்தான். நிரந்தரத் தடை கேட்டு ஒரு வழக்கு, கூடவே இடைக்காலத் தடை மனு, அதோட அட்வகேட் கமிஷனர் போடச் சொல்லி ஒரு மனு. கமிஷனர் மனுதான் ரொம்ப முக்கியம், இன்ன தேதியில கட்டுமானம் இந்த நிலையில இருந்துச்சு, சென்ட்ரிங் எல்லையைத் தாண்டி இவ்வளவு வந்திருந்துச்சுன்னு கோர்ட்டோட ஆளே அளந்து பதிவு பண்ணிட்டா அப்புறம் யாரும் கதை மாத்த முடியாது. அவர் முந்திக்கிட்டு கேவியட் (என்னக் கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு முன்கூட்டியே குடுக்கற மனு) போட்டிருந்தா அவரக் கேக்காம இடைக்காலத் தடை கிடைக்காது, வக்கீல் அத முதல்ல பாப்பார். போலீஸ்ல போனா சிவில் மேட்டர்னு அனுப்பிடுவாங்க, பெரும்பாலும் அவங்க சொல்றது சரிதான், கைகலப்பு மிரட்டல்னு வந்தா மட்டும் அங்க போங்க.

ஆனா எல்லைன்னு எத வெச்சு பேசறீங்க? காம்பவுண்டு சுவர வெச்சா? அங்கதான் நான் பயப்படறேன். லேஅவுட்டுல மனை போடும்போது கார்னர்ல யாராவது அரை அடி தள்ளிக் கல்லு நட்டிருந்தா வரிசை முழுக்க எல்லா வீடும் அரை அடி நகர்ந்திருக்கும், பேப்பர்ல எல்லாருக்கும் 30 அடி இருக்கும், தரையில கடைசி மனைக்காரனுக்கு இருபத்தொன்பதரைதான் கிடைக்கும். அளந்து பாத்தா உங்க காம்பவுண்டு அவர் இடத்துல இருக்குன்னு வந்து நிக்கலாம். சுவர் யாரு காசுல கட்டினது, எல்லைக்கோடு சுவரோட நடுவுலயா, வெளிமுகத்துலயா, அதெல்லாம் பத்திரத்துல நாலெல்லையும் அளவும் எழுதியிருக்கற பக்கத்துல பாக்கணும், தாய்ப்பத்திரம் வரைக்கும் போகணும். பிறகு பட்டா, எஃப்எம்பிங்கற புல அளவு வரைபடம், டவுன் சர்வே ஆன பகுதின்னா டிஎஸ்எல்ஆர்ங்கற நகர நில அளவைப் பதிவேடு, எடுத்துக்கிட்டு தாலுகாவுல எல்லைய அளந்து காட்டச் சொல்லி மனுப் போட்டா அரசு சர்வேயர் வருவார், ஆன்லைன்லயும் போடலாம், பக்கத்துக்காரருக்கும் தகவல் குடுத்துட்டுத்தான் அளப்பாங்க. அதுக்கு முன்னாடி தனியார் சர்வேயர வெச்சு அமைதியா ஒரு தடவ அளந்து உங்க நிலைமைய நீங்க மட்டும் தெரிஞ்சுக்கறது புத்திசாலித்தனம், அரசு சர்வேயர் எழுதிட்டா அது ரெக்கார்டு.

ஒரு இடைச்செருகல், நீங்க கேக்கல ஆனா சொல்லணும். அவர் மாடி ஏத்தறதுக்காக கீழ புதுசா தூண் எழுப்பி, அதோட அஸ்திவாரத்துக்கு உங்க சுவர் ஓரமா குழி தோண்டினார்னா உங்க வீட்டுல விரிசல் வரலாம். களிமண் தரைன்னா இன்னும் சீக்கிரம். இன்னிக்கே உங்க வீட்டுக் கிழக்குச் சுவர் உள்ளயும் வெளியவும் போட்டோ எடுங்க, ஏற்கனவே இருக்கற விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதுங்க. அப்புறம் விரிசல் அந்தக் கோட்டத் தாண்டிப் போச்சுன்னா பேச ஒரு ஆதாரம் இருக்கும், இல்லன்னா "பழைய விரிசல்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. அவரோட நீட்டின பால்கனியோ ஜன்னலோ ரோட்டு கரண்ட் கம்பிக்கு 1.2 மீட்டருக்குள்ள வருதான்னும் பாருங்க, வந்தா மின்வாரியத்துக்கு ஒரு மனு போதும், செட்பேக் புகாரவிட வேகமா ஆள் வருவாங்க, உயிர் போற விஷயம்ங்கறதால.

சரி, நான் உங்க இடத்துல இருந்தா என்ன பண்ணுவேன். முதல்ல என் வீட்ட அளப்பேன். அது ஓரளவு சுத்தம்னா, வார்ப்பு போடறதுக்கு முன்னாடி அவரோட மேஸ்திரியயும் வெச்சுக்கிட்டு அவருகிட்ட ஒரு தடவ உக்காந்து பேசுவேன், "இடிங்க"ன்னு இல்ல, இப்படிக் கேப்பேன்: சன்ஷேட உங்க பக்கம் எடுத்துடுங்க, தண்ணிக்கு உங்க பக்கமே பைப் இறக்குங்க, என் சமையக்கட்டு ஜன்னலுக்கு நேர் எதிர்ல மட்டும் ரூம மூணு அடி உள்ள தள்ளி ஒரு டக்ட் மாதிரி திறந்த வெளியா விடுங்க, என் பக்கம் பாக்கற ஜன்னல வென்டிலேட்டரா மாத்தி மேல ஏத்திக்கோங்க. சென்ட்ரிங் நிலையில இதெல்லாம் அவருக்கு சில ஆயிரத்துல முடியற மாத்தம், கான்கிரீட் விழுந்தப்புறம் லட்சத்துல பேசணும், இது மேஸ்திரிக்கு அவரவிட நல்லாத் தெரியும், அதனாலதான் அவரயும் கூப்பிடச் சொல்றேன். ஒத்துக்கிட்டாலும் அவர் கட்டினது விதிப்படி சரியாயிடாது, அது அவர் தலைவலி, உங்களுக்கு வெளிச்சமும் எல்லையும் மிச்சம். வெளிச்சத்துக்கு சட்டத்துல வழி இல்லன்னு மேல சொன்னேனே, பேச்சுல மட்டும்தான் அது கிடைக்கும்.

பேச்சு எடுபடலன்னா அன்னிக்கே மனு, அந்த வாரமே முன்சீப் கோர்ட். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தடை இல்ல. நடுவுல ஒரு வழி விரும்பினா தாலுகா சட்டப் பணிகள் குழுவுல வழக்குக்கு முந்தின மனு குடுத்து ரெண்டு பேரயும் கூப்பிட வைக்கலாம், காசு கிடையாது, லோக் அதாலத்துல கையெழுத்தான சமரசம் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அதுக்கு மேல அப்பீல் கூட இல்ல. ஆனா அவர் வரணும்னு கட்டாயப்படுத்த முடியாது, நீங்க அங்க காத்திருக்கற நேரத்துல இங்க ரூஃப் ஏறிடும், அதனால உங்க நிலைமையில அதை மட்டும் நம்பி இருக்காதீங்க. வீடு உங்க அம்மா பேர்லயோ மனைவி பேர்லயோ இருந்தா, பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, அதே ஆபீஸ்ல கேளுங்க.

ஆபீஸ் மனு போட்டு பல வாரமாகியும் அசைவே இல்லன்னா ஹைகோர்ட் மதுரைக் கிளையில ரிட் (அதிகாரிகள செயல்பட வைக்கச் சொல்லிக் கேக்கற மனு) போடலாம், திருச்சி அதுக்குள்ளதான் வருது. ஆனா பெரும்பாலும் கிடைக்கறது "மனுதாரர் மனுவ இத்தனை வாரத்துக்குள்ள பரிசீலிச்சு முடிவெடுங்க"ங்கற உத்தரவுதான், இடிக்கற உத்தரவு இல்ல, வக்கீல் வேற மாதிரி வாக்குக் குடுத்தா கொஞ்சம் யோசிங்க. முன்சீப் கோர்ட்டுல இடைக்காலத் தடை கிடைக்குமாங்கறது பத்திரம், அளவு, எவ்வளவு சீக்கிரம் போனீங்க, நீதிபதி எப்படிப் பாக்கறார் எல்லாத்தயும் பொறுத்தது, சன்ஷேடு விஷயத்துல வாய்ப்பு நல்லா இருக்கு, ரூம் சுவர் விஷயத்துல அவ்வளவு தைரியமா சொல்ல மாட்டேன்.

உங்க மனையோட சரியான அகலம், முன்னாடி ரோடு எத்தனை அடி, அவர் கட்டடம் தரையில இருந்து எவ்வளவு உயரம் வரும், பத்திரத்துல கிழக்கெல்லை என்னன்னு எழுதியிருக்கு, இந்த நாலும் போடுங்க, அவர் எத்தனை விட்டிருக்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்றேன். சென்ட்ரிங் எந்த அளவுல இருக்குன்னும் சேத்து எழுதுங்க.